மின்கார் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

மின்கார்களைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வடார்க்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. விலை, மானியம், சார்ஜர் வசதி ஆகியவற்றைக் கேட்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான கடிதங்கள் பேட்டரியின் ஆயுளைப் பற்றியே கவலைப்படுகின்றன. எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய மின்கார் வாங்கினார். ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பேட்டரி செட்டை மாற்றினோம். மூன்றாவது முறை செலவு செய்ய மனம் வராமல் காரையே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். இப்போது என் மகன் மின்கார்தான் வேண்டும் என்கிறான். அதே கதை திரும்பாது என்று எப்படி நம்புவது? – ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் வீட்டில் நடந்தது அந்தக் காலத்தில் மின்கார் வைத்திருந்த பலருக்கும் நடந்ததுதான். அதற்குக் காரணம் அந்த பேட்டரியின் வகை. 2001இல் பெங்களூரிலிருந்து விற்பனைக்கு வந்த ரேவா என்ற மின்காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் எட்டைத் தொடராக இணைத்து 48 வோல்ட் எடுத்தார்கள். 200 ஆம்பியர்-மணி கொள்ளளவில் கணக்கிட்டால் மொத்தம் 9.6 யூனிட் மின்சாரம். லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை வற்றவிட்டு நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அப்படி இறுகிய பரப்பு மறுபடி வேலைக்கு வராது. இதற்கு மேல் நம் ஊர்க் கோடை வேறு. உள்ளே இருக்கும் நீர் வற்றித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பகுதி அத்துடன் போயிற்று.

2008ஆம் ஆண்டு கோடையில் காட்பாடியில் நண்பர் ஒருவர், தன் பழைய மின்கார் முழு சார்ஜில் முப்பது கிலோமீட்டர் கூட ஓடவில்லை என்று என்னை அழைத்தார். இருக்கையைத் தூக்கிவிட்டு, பேட்டரிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தோம். 1.26, 1.26, 1.25 என்று வந்துகொண்டிருந்த எண் பின்வரிசையில் ஓர் அறையில் மட்டும் 1.13 என்று இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த அறையில் தகடு ஒரு விரற்கடை வெளியே நின்றது. கை எளிதில் எட்டாத மூலை அது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர் மாதக்கணக்கில் அந்த ஒரு மூடியை மட்டும் விட்டிருக்கிறார். மற்ற அறைகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் கார் ஓடவில்லை. ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் நடக்கமாட்டாத மாட்டின் நடைதான் ஏரின் நடை. தொடராக இணைத்த பேட்டரிக்கும் அதே நியதிதான்: மிகவும் பலவீனமான செல் (அதாவது அறை) எவ்வளவு தருமோ அவ்வளவுதான் முழு பேக்கும் தரும்.

இன்றைய லித்தியம் பேட்டரிக்கும் இந்த நியதி பொருந்தும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். வித்தியாசம் என்னவென்றால், இப்போது நீர் ஊற்றும் வேலை இல்லை. செல்களின் வோல்ட்டேஜை ஓயாமல் கவனிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது. நிறைந்துவிட்ட செல்லை அது மேலும் நிரம்பவிடாது, வற்றிவிட்ட செல்லை மேலும் வற்றவிடாது, செல்களுக்கிடையே வரும் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்துகொண்டும் இருக்கும். ரேவா நிறுவனத்தை 2010இல் மஹிந்திரா வாங்கிய பிறகு 2013இல் வந்த ஈ2ஓ காரில் லித்தியம் பேட்டரிதான் இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செட்டையே மாற்றும் நிலை இந்த வகையில் இல்லை.

இந்தக் கவலை நம் தலைமுறையில் தொடங்கியதும் அன்று. லெட் ஆசிட் பேட்டரிக்கு மாற்றாக எடிசன் கொண்டுவந்த நிக்கல்-இரும்பு பேட்டரி முதலில் கசிந்தது, கொள்ளளவும் குறைந்தது. 1904இல் அவர் உற்பத்தியை நிறுத்தி, பல ஆண்டுகள் உழைத்துத் திருத்திய பிறகே மறுபடி விற்பனைக்குக் கொடுத்தார். திருத்திய அந்த பேட்டரி நீண்ட உழைப்புக்குப் பெயர் பெற்றது. முதலில் வந்ததைப் பார்த்து அடுத்து வருவதை எடைபோடக் கூடாது என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்வேன்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் காரின் கதவைத் தொடவே முடிவதில்லை. இந்த வெயிலில் மின்கார் பேட்டரி தாங்குமா? – ஒரு வாசகி, ஆரணி

பதில்: வந்த கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். லித்தியம் பேட்டரி பழுதாவதற்குக் கிலோமீட்டரைக் காட்டிலும் வெப்பமே பெரிய காரணம். செல்லுக்குள் நெகட்டிவ் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டு. அது செல்லுக்குப் பாதுகாப்பு. ஆனால் நாளாக நாளாகத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போதெல்லாம் மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் கொஞ்சத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். வெப்பம் ஏற ஏற இந்த வேலை வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பேட்டரி நிறையச் சார்ஜுடன் வெயிலில் நின்றால் இன்னும் வேகம். எனவே வெப்பமும் முழு சார்ஜும் ஒன்றுசேரவிடாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் வேலை.

இதை உலகம் கற்றுக்கொண்டது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரில் 24 யூனிட் பேட்டரி இருந்தது. அதைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. கொள்ளளவைக் காட்ட மீட்டரில் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மறைந்தால் சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். 2012 கோடையில் ஃபீனிக்ஸ் நகரத்துக்காரர்கள் வாங்கி இரண்டு ஆண்டுகள் கூட நிறையாத கார்களில் கட்டங்கள் மறைவதாகப் புகார் சொன்னார்கள். குளிர்ந்த ஊர்களில் அதே கார் அப்படிச் செய்யவில்லை. பிறகு அந்த நிறுவனம் கொள்ளளவுக்கும் தனியாக உத்தரவாதம் கொடுத்தது: ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டங்களுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தரப்படும். வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேதியியல் மாற்றத்தையும் பின்னர் கொண்டுவந்தார்கள்.

இதற்கு மறுபக்கமாக, அதற்கும் முன்பே 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் லேப்டாப்பில் இருப்பதைப் போன்ற சிறிய செல்கள் 6,831 இருந்தன. அவற்றினூடே குளிர்விக்கும் திரவம் ஓடியது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் பிளக் இன் அமெரிக்கா என்ற அமைப்பு தகவல் திரட்டி 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு லட்சம் மைல் ஓடிய பிறகும் சராசரியாக 80 முதல் 85 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று கண்டது. வெப்பமான ஊர்களில் ஓடிய கார்களுக்கும் மற்றவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றும் அது சொன்னது. ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த இரண்டு கார்களில் ஒன்றை வெயில் தின்றது. இன்னொன்றை அவ்வளவாகத் தீண்டவில்லை. செல்லின் வேதியியலுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், குளிர்விக்கும் அமைப்பே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. ஆரணியிலோ வேலூரிலோ கார் வாங்குகிறவர் விற்பனையாளரிடம் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, கேட்பதற்கு முன்பு பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டா என்று கேட்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. தகர ஷெட்டை நிழல் என்று நினைக்காதீர்கள். மே மாதத்தில் மாலை வரை அது அடுப்பின் மூடியைப் போல் கீழே இருப்பதைச் சுட்டுக்கொண்டிருக்கும். வேப்பமர நிழலோ, மேலே தென்னங்கீற்று வேய்ந்த பந்தலோ அதைவிட மேல். வெளியூர் போய் மாலை நான்கு மணிக்குத் திரும்பியவுடன் சார்ஜ் ஒயரை மாட்ட வேண்டாம். பேட்டரி ஆறட்டும், பின்னிரவில் தொடங்கி விடியலில் முடியுமாறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பயணத்துக்கு 80 சதவீதம் போதும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2020இல் பதிவான ஒரு மின்காரை 62,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் விலைபேசுகிறார்கள். எட்டு ஆண்டு ஆனால் பேட்டரி செத்துவிடும், புது பேட்டரியின் விலைக்கு இன்னொரு கார் வாங்கலாம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? – ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: எட்டு ஆண்டு என்பது உத்தரவாதத்தின் எல்லை, பேட்டரியின் ஆயுள் அதோடு முடிந்துவிடுவதில்லை. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்காருக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பேட்டரி உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்த வகையைச் சேர்ந்த முதல் கார்களுக்கு 2028 தொடக்கத்தில் அது முடிகிறது. மறுநாள் காலையில் பேட்டரி நின்றுவிடாது. ஆனால் அதற்குப் பிறகு வரும் பழுதுச் செலவு உங்களுடையது என்பதை விலைபேசும்போது மனத்தில் வைக்க வேண்டும். உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் மாறுமா என்பதை வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடோமீட்டரைவிட அந்தக் கார் எங்கே, எப்படி நின்றது என்பதே எனக்கு முக்கியம். நிழலில் நின்று தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடிய 62,000, வெயிலில் முழு சார்ஜுடன் நின்ற 20,000ஐவிட நல்ல பேட்டரியாக இருக்கக்கூடும். விற்பவரின் வீட்டிற்கே போய்ப் பாருங்கள். கார் நிற்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லும்.

மீதிக் கதையை ஒரு சப்-மீட்டர் சொல்லும். முதலில் காரை ஒரு முறை நூறு சதவீதம் நிரப்பி ஓரிரு மணி நேரம் அப்படியே விடச் சொல்லுங்கள். இரும்பு-பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியில் சார்ஜ் இறங்கும்போது நடுவில் வோல்ட்டேஜ் ஏறத்தாழ மாறாமலே இருப்பதால், அவ்வப்போது முழுவதும் நிரப்பாவிட்டால் காரின் மீட்டரே சதவீதத்தைத் தவறாகக் காட்டும். பிறகு 20 சதவீதம் வரும்வரை ஓட்டுங்கள். நீங்களும் உடன் உட்கார்ந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு, பெங்களூர் சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம் போய் வந்தாலே காரின் குணம் பாதி தெரிந்துவிடும். திரும்பி வந்து பேட்டரி ஆறிய பின் வீட்டுச் சார்ஜரில் மறுபடி நூறு வரை நிரப்பி, எத்தனை யூனிட் இழுத்தது என்று சப்-மீட்டரில் பாருங்கள். புதிதாக இருந்தபோது பயன்பாட்டுக்குக் கிடைத்த அளவு 28 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் 22.4 யூனிட், சார்ஜரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று சேர்த்தால் மீட்டரில் சுமார் 25 வர வேண்டும். 20தான் வந்தது என்றால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். வீணாகும் அளவு காருக்குக் கார் சற்று மாறும். எனவே ஒரு யூனிட் கூடக் குறைய வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னும் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். சார்ஜ் 15 அல்லது 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்போது ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, மிக உயர்ந்த செல்லின் வோல்ட்டேஜையும் மிகத் தாழ்ந்த செல்லின் வோல்ட்டேஜையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பலவீனமான செல் என்னும் நொண்டி மாடு சார்ஜ் அடியில் இருக்கும்போதுதான் அகப்படும்; பாதிச் சார்ஜில் எல்லாச் செல்லும் ஒன்றுபோலவே தெரியும். கார் ஓய்வில் நிற்கும்போது வேறுபாடு சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மனநிறைவோடு வாங்கலாம். நூறைத் தாண்டினால் காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். பேட்டரிப் பழுது என்றாலே முழு பேக்கையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. பல கார்களில் பழுதான மாட்யூலை (செல்களின் ஒரு தொகுதியை) மட்டும் மாற்ற வழி உண்டு. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஒர்க்ஷாப் வேலூரில் இருக்கிறதா, சென்னைக்கு ஏற்றி அனுப்ப வேண்டுமா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: வேலை நிமித்தமாக வாரம் ஒரு முறை சென்னை சென்று வருகிறேன். வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போடுவதால் பேட்டரி கெடுமா? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: திரவக் குளிர்விப்பு உள்ள காரில் வாரம் ஒரு முறை என்பது கவலைப்படும் அளவு அன்று. வேகமாக ஏற்றும்போது பேட்டரி சூடாவதும், சில சமயம் லித்தியம் உரிய இடத்தில் நுழையாமல் மேலேயே படிவதும்தான் கெடுதல். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் தானே குறைந்துவிடுகிறது. அங்கே காத்திருப்பது நேரத்துக்கும் நட்டம். தினசரித் தேவையை வீட்டில் மெதுவாக ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைச் சார்ஜரைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏலகிரி ஏறினால் பேட்டரிக்குச் சிரமமா? – ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதில் சார்ஜ் வேகமாக இறங்கும், பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மலைமேல் தங்கும் இடத்தில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள்: நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரத்துக்கு இடம் இல்லாததால் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும்.

கேள்வி: அல்லாபுரத்தில் நடந்ததைக் கேட்டதிலிருந்து வீட்டில் பேட்டரி வண்டி என்றாலே என் மனைவி பயப்படுகிறார். கார் பேட்டரியும் தீப்பிடிக்குமா? – ஒரு வாசகர், பாகாயம்

பதில்: 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அதை மறுத்துப் பேச மாட்டேன். லித்தியம் செல்லுக்குள் மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்தச் சூடு அடுத்த செல்லையும் பற்றவைக்கும். கார்களிலும் இது நடந்திருக்கிறது. செவர்லே போல்ட் கார்களில் செல் தயாரிப்பின்போது நேர்ந்த குறையால் தீப்பிடித்ததை அடுத்து, அதுவரை தயாரித்த போல்ட் கார்கள் அனைத்தையும் 2021இல் திரும்ப அழைத்தார்கள். 2022ஆம் ஆண்டு மின் ஸ்கூட்டர் தீச் சம்பவங்களுக்குப் பிறகு நம் நாட்டில் ஏஐஎஸ் 156, ஏஐஎஸ் 038 என்னும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். திருத்திய விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: வண்டியை வாசற்படியை அடைத்து நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். தீயோ புகையோ வந்தால் வெளியேற இன்னொரு வழி இருக்க வேண்டும். சார்ஜருக்குத் தனி ஒயர், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் தனி எம்சிபி ஸ்விட்ச், சரியான எர்த் மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் சார்ஜ் போடுவதை ஒருநாளும் ஒப்பமாட்டேன். விபத்தில் அடிப்பக்கம் அடிபட்ட காரையும், வெள்ளத்தில் மூழ்கிய காரையும் சோதிக்காமல் சார்ஜில் மாட்டக் கூடாது.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். நாங்கள் மூன்று மாதம் அங்கே போய்த் தங்குகிறோம். சென்ற முறை திரும்பி வந்தபோது மின்கார் கதவே திறக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், பிறகு சரியாகிவிட்டது. அது என்ன? – ஒரு வாசகி, மேல்விஷாரம்

பதில்: போனது பெரிய பேட்டரி அன்று. மற்ற கார்களில் இருப்பதைப் போலவே மின்காரிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, மீட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் ஸ்விட்ச் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் அசையாது. மின்கார் வழியில் நின்றது என்று கேள்விப்படும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சின்ன பேட்டரியைத்தான். இதை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. செலவும் சில ஆயிரம்தான்.

பெரிய பேட்டரிக்கு ஆபத்து வேறு விதமாக வரும். முன்பு சொன்ன டெஸ்லா ரோட்ஸ்டர் கார்களில் சிலவற்றைச் சார்ஜ் முழுவதும் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டதால் பேட்டரி மீளாமல் போனதாக 2012இல் அமெரிக்காவில் பெரும் சர்ச்சை எழுந்தது. எனவே அடுத்த முறை புறப்படும்போது 50 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். நூறு வேண்டாம், பத்தும் வேண்டாம். சார்ஜ் ஒயரை மாட்டிவிட்டுப் போக வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் காரின் கையேட்டில் அனுமதி இருந்தால் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். அதற்கு முன்பு, மின்சாரம் இல்லாமல் சாவியால் கதவைத் திறக்கும் துவாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து ஒரு முறை திறந்தும் பார்த்துவிடுங்கள். கழற்ற முடியாத கார் என்றால் மாதம் ஒரு முறை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் காரை ஆன் செய்து அரைமணி நேரம் வைத்திருந்தால் போதும்; பெரிய பேட்டரியே சின்னதை நிரப்பிக்கொள்ளும்.